லாவோஸ் மாலியின் கூடைகள்

மாலி என்று ஒருத்தி இந்த உலகத்தில் கிடையாது. அவளை உண்டாக்கியவள் நான்தான்!

மூன்று ஆண்டுகளாக எங்கள் சபையில் ஞாயிறுதோறும் அவளுக்காக ஜெபித்தார்கள். "லாவோஸ் தேசத்துச் சகோதரி மாலியின் கைகளுக்குப் பெலன் தாரும்" என்று அத்தனை பேரும் கண்ணை மூடி மன்றாடினார்கள். நானும் அவர்களோடு கண்ணை மூடினேன். "ஆமென்" என்று சற்று உரக்கவே சொன்னேன். அந்த நாட்களில் என் மணிக்கட்டு வலி குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்... சிரிக்காதீர்கள்!

உங்களிடம் எதற்காக இதைச் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவர்களிடம் மனத்தைத் திறப்பது எவ்வளவு எளிது என்பதை இந்த விவகாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது போகப் போகத் தெரியும். தெரிந்ததும் என்னைத் திட்டுவீர்கள்.

என் பெயர் சூசன். கிள்ளானில் வீடு. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில், வந்திறங்கும் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. கண்டெய்னர் கதவைத் திறக்குமுன் அதில் மாட்டியிருக்கும் 'சீல்' என்ற பூட்டு முத்திரையை வெட்டி எறிவார்கள். உள்ளே இருக்கும் பெட்டிகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளையும் வெட்டிப் போடுவார்கள். மாலைக்குள் தரை முழுக்க மஞ்சளும் நீலமும் கரும்பச்சையுமாகச் சுருண்டு கிடக்கும். எல்லோருக்கும் அது குப்பை. காலில் சிக்கும் சனியன் என்று திட்டிக்கொண்டே பெருக்கித் தள்ளுவார்கள்.

எனக்கு மட்டும் ஏனோ அதன்மேல் கண் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மஞ்சள் பட்டையின் ஓரத்தில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு ஓடும். இன்னொன்றில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். சாப்பாட்டு வேளையில் அவற்றை எடுத்துத் துடைத்துப் பின்ன ஆரம்பித்தேன். யாரும் கற்றுத் தரவில்லை. முதலில் ஒரு தட்டு... கோணல்மாணலாக வந்தது. பிறகு மீன். வெட்டிய சீலின் உருண்டைத் துண்டை அதற்குக் கண்ணாக வைத்தேன். அந்தக் கண்ணை வைத்த கணத்தில் மீன் என்னைப் பார்த்தது! அன்றைக்கு எனக்கிருந்த மகிழ்ச்சியை எந்தச் சம்பள நாளிலும் நான் அடைந்ததில்லை.

அதற்குப் பிறகு செய்த முதல் கூடையைத்தான் புஷ்பம் அக்காவிடம் காட்டினேன். பங்சாரில் இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சபையில் எனக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி அவர்தான். ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கூடையை அவர் மடியில் வைத்தேன்.

"என்னா சூசன் இது, ஸ்டோர்ல தூக்கிப் போட்டதா? உங்க வீட்ல குப்பத் தொட்டி இல்லயா லா?" என்று சிரித்தார்.

கேலிதான். அவர் எல்லோரையும் அப்படித்தான் சீண்டுவார். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் திரும்பும் ரயிலில், கூடையைப் பையின் அடியில் போட்டு மேலே குடையை வைத்து மறைத்துக்கொண்டேன். ஒரு கூடைக்காக இவ்வளவு ரோஷமா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அவ்வளவு ரோஷம்!

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கையாக வரும் பொருள்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், கேக், வாழைத்தார், உயிர்க்கோழி... அந்த ஆண்டில் வெளிநாடு போய் வந்தவர்கள், போன ஊரிலிருந்து கையால் செய்த பொருள் ஒன்றைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். யார் கொண்டுவந்தது, எந்த ஊர், யார் செய்தது என்று அறிவித்துவிட்டுத்தான் ஏலத்தைத் தொடங்குவார்கள்.

அந்த ஆண்டு நான் என் தங்கை குடும்பத்தோடு லாவோஸுக்குப் போயிருந்தேன். லுவாங் பிரபாங் காலைச் சந்தையில் ஏலத்துக்கென்று ஏதேதோ வாங்கினேன். திரும்பும்போது அந்தப் பையை விமான நிலையத்துக்கு வந்த வேனிலேயே விட்டுவிட்டேன். என்னென்ன வாங்கினேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றுகூட நினைவில்லை. அவற்றையும் 'வெளிநாட்டுக் கைவேலை' என்பதற்காகத்தானே வாங்கியிருக்கிறேன்! புஷ்பம் அக்காவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பண்டிகை வந்தது. கையில் ஒன்றும் இல்லை. ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கூடையைத் துடைத்துப் புதிதாக ஒரு கைப்பிடி பின்னி, எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே தேவராஜ் அங்கிள் பிடித்துக்கொண்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஏலக்காரர் அவர்தான்.

"லாவோஸ் சாமானா? யாரு செஞ்சது, பேரு சொல்லு!"

"மாலி," என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? இன்றுவரை தெரியவில்லை. "பட்டையில பின்னுறாங்க, அங்கிள்... வீட்டுக்காரர் இல்லாதவங்க."

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சேர்த்தேன்? ஏலம் நன்றாகப் போகட்டும் என்றுதான். வேறு காரணம் ஏதும் இருந்ததாகச் சொன்னால் அது இன்னொரு பொய்.

அங்கிள் கூடையை உயர்த்திக் காட்டினார். சன்னல் வெளிச்சத்தில் மஞ்சள் பட்டையின் சிவப்புக் கோடு மின்னியது. "இந்த அழகப் பாருங்க! நம்ம ஊர்ல இப்படி யாருக்கு வரும்?" என்றார். கூட்டம் போட்டி போட்டது. கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்று எடுத்தவர் யார் தெரியுமா? புஷ்பம் அக்கா!

அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அதே கூடை! கைப்பிடியைத் தவிர எதுவும் மாறவில்லை. அவருக்கு அடையாளமே தெரியவில்லை. என் நெஞ்சில் எழுந்த குதூகலத்தை எப்படிச் சொல்வேன்! பழி தீர்த்துவிட்ட திருப்தி... அதற்குக் கீழே, என் வேலை அழகானதுதான் என்ற நிம்மதி. பட்டை வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வந்ததுதானே, அப்படியானால் நான் சொன்னதில் பாதி உண்மைதானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களிடம் வரவே மாட்டேன். அடுத்த மாதமே மாலியின் பெயர் ஜெபப் பட்டியலில் ஏறியது. தங்கை வீட்டுக்காரர் வியாபாரமாக அடிக்கடி அங்கே போகிறார், அவர் மூலமாகப் பொருள் வரும் என்று சொல்லிவைத்தேன். ஆண்டுதோறும் மீனும் பறவையும் கூடையுமாகக் கொடுத்தேன். வருகிற பணமெல்லாம் சபைக்குத்தான் போயிற்று. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஏலத்தின்போது எழும் அந்த 'ஆகா' மட்டுமே.

இரண்டாவது ஆண்டில் புஷ்பம் அக்காவின் கணவர் இறந்துபோனார். காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனவர், அங்கேயே மயங்கி விழுந்தார். அக்கா யாரிடமும் அழவில்லை. என்னிடம்கூட அழவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒட்டிய உறை ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"மாலிக்கு எழுதியிருக்கேன். எளிய இங்கிலீஷ்தான், அங்க யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. அவளும் என்ன மாதிரிதானே... அவளுக்குப் புரியும்."

அந்த உறையை நான் பிரித்தேன்.

பிரிக்காமல் வைத்திருக்கலாம். பிரிக்காமல் கிழித்திருக்கலாம். வீட்டுக்குப் போகக்கூடப் பொறுக்காமல் ரயிலிலேயே பிரித்துப் படித்தேன். அன்றைக்குக் காலையில் கணவரோடு ஏதோ சில்லறைச் சண்டையாம். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "எங்கயாச்சும் போய்த் தொலைங்க" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதுதான் அவர் காதில் விழுந்த கடைசி வார்த்தை. படுத்தால் அந்தச் சொல்தான் கேட்கிறது, தூக்கமே இல்லை, இங்கே யாரிடமும் இதைச் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? மூன்று வாரம் சும்மா இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கண் என்னைத் தேடியது. தாங்க முடியவில்லை. மாலி பதில் சொல்லி அனுப்பியதாகச் சொன்னேன்.

"கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அவங்க அழுதாங்களாம். 'உங்க வீட்டுக்காரர் பாசாருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அத மறந்திருப்பார். எங்க வீட்டுக்காரரும் வாசலத் தாண்டுனா நான் ஏசுனத மறந்துருவார்'னு சொல்லச் சொன்னாங்களாம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அப்படியா சொன்னா? அப்படியா சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த வாரம் முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறேன் என்றார். நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நம்பினேன்... ஐயோ, எவ்வளவு உறுதியாக நம்பினேன்!

இந்த ஆண்டு அவருடைய மகன் அம்மாவுக்கு லுவாங் பிரபாங்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். "மாலிய நேர்ல பாத்துக் கட்டிப் பிடிக்கணும், நீயும் வா" என்றார் அக்கா. நான்கு இரவுகள் புரண்டேன். இனி எந்தப் பொய்யை எங்கே பின்னுவது?

ஒரு சனிக்கிழமை மதியம் பங்சாருக்குப் போனேன். கூடத்தில் அந்தக் கூடை இருந்தது. கணவரின் மூக்குக் கண்ணாடியும் கைக்கடிகாரமும் அதற்குள் இருந்தன. நின்றபடியே சொன்னேன். மாலி இல்லை. கூடை என்னுடையது. குப்பை என்று நீங்கள் சிரித்த அதே கூடை. கடிதத்தை நான்தான் படித்தேன். பதிலும் நான் சொன்னதுதான்.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே போனது!

 அக்கா கேட்டார்.

"வாசலத் தாண்டுனா மறந்துருவார்னு சொன்னது... அதுவும் நீயா?"

"ஆமாக்கா."

"கூடை உன்னுதுன்னு சொன்னியே, அதோட நிறுத்தியிருக்கலாமே சூசன். மாலி சொன்னத எதுக்கு எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்ட?"

அவர் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்தேன். பசித்தது. கடையில் நின்று இரண்டு வடை தின்றேன். அவ்வளவு ருசியாக இருந்தது! ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கிள்ளானில் இறங்காமல் கடைசி நிலையமான போர்ட் கிள்ளான் வரை போய், காவலர் எழுப்பித்தான் கண் விழித்தேன்.

மறு ஞாயிறு சபை முன் எழுந்து நின்று, கடிதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் சிரித்தார்கள். தேவராஜ் அங்கிள், "நம்ம ஊர்லயே இப்படி வருதா!" என்று நான் கொண்டுபோயிருந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாலியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். இப்போது என் பெயரிலேயே பின்னுகிறேன். கை தடுமாறுவதில்லை.

புஷ்பம் அக்கா இப்போது பின்வரிசையில் உட்காருகிறார். கண்ணுக்குக் கீழே கருமை திரும்ப வந்திருக்கிறது. தூக்கம் வருகிறதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்காமலே தெரிகிறது.

எனக்கோ, படுத்த உடனே தூக்கம் வந்துவிடுகிறது. விடியும் வரை ஆழ்ந்த தூக்கம்... அது அவருடைய தூக்கம்.