தாயத்தைக் கட்டும் நாள்

முதல் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் மகனின் அரைஞாண் கயிற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். கயிற்றில் கிருமி தங்குமாம். அவனுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய் என்று அன்று காலையில்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கத்தரிக்கோலோடு நான் நிற்பதைப் பார்த்த வார்டு ஆயாம்மா, "இன்னாமா யோசன பண்ணிகினு கீற? அறுத்து பைல போடு. புள்ள நல்லாயி ஊட்டுக்குப் போசொல்ல கட்டிக்கலாம்," என்றார். கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து. அவன் பிறந்தபின் காய்ந்து விழுந்த தொப்புள்கொடித் துண்டை அதற்குள் அடைத்திருந்தோம். எங்கள் இரண்டு வீடுகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதான்.

கீமோ முடிந்த சில மாதங்களில் நோய் திரும்பியது. இனி ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைதான் என்றார் டாக்டரம்மா. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கணவர் எழுதியதும் அந்தப் பழைய செய்தி வந்து விழத் தொடங்கியது. தொப்புள்கொடியில் ஸ்டெம் செல் இருக்கிறது, அதனால்தான் முன்னோர்கள் அதைத் தாயத்தில் வைத்தார்கள் என்று. ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பினார்கள். நான் பொறியியல் படித்தவள். இவனுக்காக விடும்வரை அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்த்தவள். அது உண்மையில்லை என்று தெரியும். ஆனால் கேட்காமலே விட்டு, பின்னால் உண்மை என்று ஆகிவிட்டால்? தாயத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உயிருள்ள செல்கள்தான் வேண்டும், இதில் எல்லாம் காய்ந்து இறந்துவிட்டன என்று சொல்லித் திருப்பித் தந்தார். நிறையப் பேர் கொண்டுவருவார்கள் என்றும் சொன்னார், என் ஆறுதலுக்காகத்தான் சொல்லியிருப்பார். இப்போது காத்திருக்க வேண்டியது மரபணுப் பரிசோதனை முடிவுக்கு என்றார். நோய்ச் செல்களில் சில மரபணு மாற்றங்கள் இருந்தால், மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

முடிவு வந்தபோது அப்படி ஒரு மாற்றம் இருந்தது.

அப்படியானால் செய்ய வேண்டாமா என்று கேட்டேன். செய்யாவிட்டால் வேறு வழியில்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க பையனைப் பத்தின ரிப்போர்ட் இல்லம்மா. இதே மாற்றம் இருந்த மத்த பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சுங்கறதுதான் நமக்குத் தெரியும். இவனுக்கு என்ன ஆகும்னு செஞ்சு பாத்தாதான் தெரியும்," என்றார்.

எப்போது இது தொடங்கியது என்று கேட்டேன். சில பிள்ளைகளுக்குக் கருவிலேயே முதல் மாற்றம் விழுந்திருக்கும், அதற்கு யாரும் காரணமில்லை என்றார். கருவிலேயே என்றதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. குமணன்சாவடி நெரிசலில், மெட்ரோ தூணுக்கு அருகில் பேருந்து நகராமல் நின்றபோது, கர்ப்பத்தில் விழுங்க மறந்த இரும்புச் சத்து மாத்திரைகளையும், வயிற்றில் அவனோடு குடிபோன ஃபிளாட்டின் பெயின்ட் வாசனையையும் நினைத்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்த தாயத்துக்குள்ளும் அந்த மாற்றம் இருந்ததோ என்று தோன்றியது. பையை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தேன்.

மாற்றுச் சிகிச்சைக்கு எங்கள் இருவரில் என் செல்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர் யாருடையதும் பாதிதான் பொருந்துமாம். இனி அவன் உடம்பில் ஓடப்போவது அம்மா ரத்தம் என்று கணவர் அவனுக்கு விளக்கினார்.

"அப்ப அம்மா மாதிரி எனக்கும் தலைவலி வருமா?"

"கோவமும் வரும். ஜாக்கிரதையா இரு," என்றார் அவர். அவன் சிரித்தான். அந்த வார்டில் அவன் சிரித்தது அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. சிகிச்சைக்கு முன் ஏற்றிய மருந்தில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கவும் அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் தாயத்தைக் கேட்டான். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆயாம்மா சொன்ன 'நல்லாயி' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். மூன்றாம் மாதப் பரிசோதனை முடியட்டும் என்று எனக்குள் கெடு வைத்துக்கொண்டேன்.

அந்தப் பரிசோதனையில் அவனுடைய ரத்தச் செல்கள் ஏறக்குறைய முழுவதும் என்னுடையவையாகியிருந்தன. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா ஃபைலை இன்னும் மூடவில்லை. மைக்ராஸ்கோப்பில் நோய் தெரியவில்லை, ஆனால் அந்த மரபணு மாற்றம் மஜ்ஜையில் லேசாகத் தெரிகிறது என்றார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் குறைத்து, என் செல்களை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

வெளியே அவன் அப்பாவின் தோளில் சாய்ந்தபடி தாயத்தை மறுபடியும் கேட்டான். "வீட்டுக்குப் போறப்ப கட்டிக்கலாம்னுதானே அந்த ஆயாம்மா சொன்னாங்க?"

அவனுக்கு அந்தப் பாதிதான் நினைவிருந்தது.

உள்ளே திரும்பிப் போய், கட்டலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். புதுக் கயிறாக இருக்கட்டும், தாயத்தைச் சுத்தம் செய்துவிட்டுக் கட்டுங்கள் என்றார். பூந்தமல்லியில் இறங்கிக் கறுப்புக் கயிறு வாங்கினேன். பையில் கிடந்த பழைய கயிற்றை நீட்டி, அதே அளவுக்கு வெட்டித் தரச் சொன்னேன். வீட்டில் அவனுடைய இளைத்த இடுப்பில் சுற்றிக் கட்டியபோது நான்கு விரல் அகலத்துக்குக் கயிறு மிஞ்சியது.

"பெருசா இருக்கும்மா," என்றான்.

மிஞ்சியதை நான் வெட்டவில்லை. மடித்து முடிச்சுக்குள் செருகிவிட்டேன்.