மஞ்சள் தடவிய கடிதம்

முதலில் நெஞ்சுதான் அடைத்தது. தெப்ராவ் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கை வியர்த்து மூச்சு முட்டியது. மாரடைப்பு என்று கூட வேலை செய்தவர்கள் அரசாங்க கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. தூக்கமும் பசியும் போய் எத்தனை நாளாயிற்று என்று விசாரித்த இளம்பெண் டாக்டர், மனச்சோர்வு (மனத்தோடு உடலையும் முடக்கிப்போடும் நோய்) என்றார். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தார்.

எந்த முக்கியமான காகிதம் வந்தாலும் என் மனைவி செல்வி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைப்பாள். கல்யாணப் பத்திரிகை, மகளின் வேலைக் கடிதம், இப்போது இது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று இருவரும் காத்திருந்தோம்.

இரண்டு மாதம் ஓடியது. கூப்பிடாதது எனக்கு ஒருவகையில் நிம்மதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைத்தியம் என்று நாங்கள் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயா முழுக்கப் பேசுவார்களே என்ற பயம். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுவேன். குளிப்பதே பெரிய வேலை.

ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன அன்று அதே டாக்டர் இருந்தார்.

“அங்கிள், ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

“அவங்க இன்னும் கூப்பிடலையே டாக்டர்,” என்றாள் செல்வி. “கடிதம் சாமிகிட்டதான் இருக்கு.”

“அலமாக்! கூப்பிட மாட்டாங்க ஆன்ட்டி. நீங்கதான் அத கொண்டு போய் கவுண்டர்ல குடுக்கணும். அப்பதான் தேதி தருவாங்க. நான் சொல்லாம விட்டுட்டேன்.”

செல்வி அங்கேயே அழுதுவிட்டாள். டாக்டர் தானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அடுத்த வாரத்துக்கு இடம் பிடித்தார்.

உங்கள் கையிலும் அப்படியொரு கடிதம் இருந்தால் மறுநாள் காலையிலேயே கொண்டு போய்க் கொடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

மனநல மருத்துவர் ஒரு சீனர். செத்துப்போகத் தோன்றியதா என்று மலாயில் கேட்டார். ஆமாம், தினமும் என்றேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

“ஏங்க எங்கிட்ட சொல்லல?” என்றாள் பக்கத்திலிருந்த செல்வி.

“நீ தினமும் எனக்காக வெளக்கு ஏத்துற. எப்படிச் சொல்றது?”

அவர் கொடுத்த மாத்திரை வேலை செய்யப் பல வாரங்கள் பிடித்தன. இன்னும் அலுப்பு இருக்கிறது. உடம்பை நான் விரட்டுவதில்லை. வருடக்கணக்கில் முன்கூட்டியே யோசிப்பதையும் விட்டுவிட்டேன். மருத்துவரைப் பார்க்கும் ஒரு தேதியிலிருந்து அடுத்த தேதி வரைதான் என் காலம்.

போன வாரம் மருத்துவர் அடுத்த சந்திப்பை நான்கு மாதம் தள்ளி எழுதினார். அதுவரை நான் இருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை.