காய்ச்சல் இல்லாத லீவு

"காய்ச்சல்னு போடுங்க மேடம், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் லீவு கேட்பது கம்ப்யூட்டரில்தான். காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அது நகராது. காய்ச்சல் என்றதும் என் மூக்கில் ஏறியது மருந்து வாடை இல்லை. வெயிலில் காயும் கடல்பாசியின் வாடை.

லீவு எந்தத் தேசத்து வார்த்தையாக இருந்தால் என்ன, பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் கரையில் அது வலை, நங்கூரம் போலப் புழங்கியது. காற்று அடித்தால் கடலுக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை படகுக்கு லீவு. மீன்பிடித் தடைக்காலத்தில் அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நீண்ட லீவு. கிழிந்த வலையைப் பொத்துவார், மீதி நேரம் சீட்டாடுவார். பாசிக்குக்கூட லீவு உண்டு. அது மறுபடி வளரட்டும் என்று எங்கள் பெண்களே பேசிவைத்து, கொஞ்ச காலம் பறிக்காமல் விடுவார்கள். பாசியின் லீவு முடியும் தேதி ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு எப்போது லீவு என்றால், ஊரார் கேள்வியே புரியாமல் முழிப்பார்கள்.

அம்மா பாசி எடுப்பவள். கடல் நன்றாக வற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெண்கள் படகேறித் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் அய்யாவின் பழைய சட்டை. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச்சுற்று. மூச்சைப் பிடித்து மூழ்கிப் பறிக்க வேண்டும். அந்த நாட்களில் கைக்குழந்தையாக இருந்த தங்கச்சிக்கு நான்தான் காவல். பள்ளிக்கு லீவு. லீவு லெட்டருக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், அதில் காய்ச்சல்தான் இருந்தது. அதனால் நிலாவைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் காய்ச்சல் வரும். உலகத்தில் எந்த டாக்டரும் கேள்விப்படாத காய்ச்சல்.

பத்தாம் வகுப்பில் டீச்சர் பிடித்துவிட்டார். "இன்னொரு லீவு போட்டா பரீட்சைக்கு உன் பேரு போகாது. அம்மாவக் கூட்டிட்டு வா." எங்கள் வீட்டில் அந்த வகுப்பு வரை வந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா கரையிலிருந்து அப்படியே வந்தாள், ஈரத் தலையும் அய்யாவின் சட்டையுமாக.

"எதுக்கும்மா பொண்ணுக்கு இத்தனை லீவு?"

"அவ லீவு போடல டீச்சர், வீட்டுல வேலை பாத்தா. லீவுன்னா என்னன்னு இவ அய்யாவக் கேளுங்க, நல்லாச் சொல்லுவாரு."

டீச்சர் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. "பேச்செல்லாம் சரி. வரலன்னா பேரு போகாது."

"வருவா" என்றாள் அம்மா.

அடுத்த பாசி நாள், படகு ஏறும் முன் அம்மா எல்லோரையும் நிறுத்தினாள். "இனிமே படகு போற ஒவ்வொரு நடைக்கும் ஒருத்தி கரையில நிக்கட்டும். சின்னப் புள்ளைகள அவ பாக்கட்டும். பெரிய புள்ளைக பள்ளிக்கூடம் போகட்டும். நிக்கிறவளுக்கும் நம்மளப் போலவே ஒரு பங்கு."

படகும் பாசிக் கொள்முதலும் வியாபாரியுடையவை. ஓர் ஆள் குறைந்தால் பாசியும் குறையும், அவருக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியில கை நனைக்காதவளுக்குப் பங்கா? எந்த ஊரு நாயம்?"

"நீரு என்னைக்குக் கை நனைச்சீரு ஏவாரி?" என்றாள் அம்மாவின் கூட்டாளி மாரி அத்தை. கரையே சிரித்தது.

"அப்ப படக எடுக்க மாட்டேன்" என்றார் அவர்.

அம்மா விரல் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். ஒவ்வொருத்தியாக மணலில் உட்கார்ந்தார்கள். கடல் வற்றிக் கிடக்கும் நேரம் யாருக்கும் காத்திருக்காது. ஏவாரி கடலைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். "ஏறித் தொலைங்க."

அன்று கரையில் நின்றவள் மாரி அத்தை. நான் தங்கச்சியை அவள் மடியில் போட்டுவிட்டுப் பையைத் தூக்கினேன். எங்கள் ஊரில் அன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை. பரீட்சைக்கு என் பெயரும் போனது.

அதற்குக் 'கரை முறை' என்று பெயர் விழுந்தது. ஒருத்தியும் அதை லீவு என்று சொன்னதில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரு நாள் மேய்த்துப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கும் விளங்கும்.

இப்போது தீவுப் பக்கம் போக வனத்துறையின் கெடுபிடி. பாசியும் மெலிந்துவிட்டது. மாரி அத்தை மகளோடு திருப்பூரில் இருக்கிறாள். பாசி காய்ந்த மணலில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். உப்புத்தண்ணீரில் எரிந்து எரிந்து அம்மாவின் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. நாளை மதுரையில் ஆபரேஷன், கூட நிற்பது நான்.

"காய்ச்சல்னு போட்டாச்சா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"இல்ல." கட்டத்தில் 'கரை முறை' என்று தட்டி அனுப்பினேன்.

எட்டிப் பார்த்தார். "அப்படின்னா என்ன மேடம்? மேனேஜர் கேப்பாரே."

"கேக்கட்டும், சொல்றேன். எங்க ஊர்லயே இப்ப அந்த வார்த்தைய யாரும் சொல்றதில்ல."