நீல டவுசரும் சிவப்பு டவுசரும்

என் ஓரகத்தியும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நடுவில் சுவர், ஆளுக்கு ஓர் அடுப்பு. இரண்டு பேர் புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகும் சுவர் அப்படியே நின்றது. உப்பு தீர்ந்தால்கூட அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

போன மழைக்குப் பரண் ஒழுகியபோது, என் மகன் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன். இலவசமாக வந்த பழைய டிவியில் சொருகினால் வேலை செய்தது. குத்துச்சண்டை. ஒருத்தன் சிவப்பு டவுசர், இன்னொருத்தன் நீல டவுசர். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், எனக்குத் தமிழே தடவித்தான் வரும். பட்டனை அமுக்கினால் குத்தினான், போதாதா. சத்தம் கேட்டு அவள் வந்து நீல டவுசரை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தினமும் சண்டைதான். முழங்கால் போன பிறகு வேறு என்ன வேலை.

"என்னக்கா, உங்காளு தள்ளாடுறாரு. கஞ்சி ஊத்தலையா?"

"வாயால குத்தாதடி. கையால குத்து."

விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும். அதற்குப் பட்டனை விடாமல் தட்ட வேண்டும். எத்தனை தடவை விழுந்தாலும் தன் ஆளை அவள் எழுப்பிவிடுவாள்.

சம்பா அறுப்பு முடிந்ததும் திருப்பூரிலிருந்து அவள் மகள் வந்தாள். "இனிமே அம்மா எங்களோடயே இருக்கட்டும் பெரியம்மா." நல்லதுதானே என்றேன்.

கிளம்புகிற அன்று, நீடாமங்கலம் ஜங்ஷனுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. அவள் என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு ஆட்டம் போடுங்கக்கா. நான் ஜெயிச்சா போறேன். நீங்க ஜெயிச்சா, இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடுறேன்."

ஆடினோம். இரண்டு குத்தில் நீல டவுசர் விழுந்தான். அவள் பட்டனைத் தொடவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எண்ணி முடித்து மணி அடித்தது.

எனக்குச் சுருக்கென்றது. "விட்டுக்கொடுத்து எனக்கு ஒண்ணும் வேணாம். திருப்பிப் போடு."

அவள் மடியிலிருந்து கையை எடுத்துப் பட்டனில் வைத்தாள். பிறகு நிஜமாகவே ஆடினாள். என் ஆள் விழுந்தான். தட்டினேன், தட்டினேன், கட்டைவிரல் மடங்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அவள் டிவியை அணைத்துவிட்டு எழுந்தாள். "வர்றேங்கக்கா."

"மெதுவா இறங்கு. படி வழுக்கும்" என்றேன்.