பயணம் சொல்லப் போன மாமி

மாமி வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பாடப்புத்தகங்களுக்குப் பின்னால், ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து இருந்தது. மாமி மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவருடைய உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். கோப்பைகளையும் கதிரைகளையும் உறவுக்காரர் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சப்பாத்தை மட்டும் எவரும் தொடவில்லை. எங்கள் ஊர் எத்தாளையின் மணலில் சப்பாத்துப் போட்டு நடக்கிற பெண் வேறு யார் இருக்கிறாள்? நான் எடுத்து வந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். போன மாதம் அதை வெளியே எடுத்து, புத்தளத்தில் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தை மாற்றினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருசத்தில் அது ஆறவும் இல்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

மாமி என் வாப்பாவின் அக்கா. பிள்ளையில்லாத விதவை. உயர்தர வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்தவர். முகலாயரையும் தக்காணத்துச் சுல்தான்களையும் பென்சன் எடுக்கும் வரை கரும்பலகையில் எழுதி அழித்தவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அனுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் எத்தனை தரம் போனாரோ, கணக்கில்லை. கணவர் உயிரோடு இருந்தபோது ஹஜ்ஜும் செய்தார். அதற்கப்பால் அவர் எங்கும் போனதில்லை. பென்சன் எடுத்த பிறகு ஒரே ஒரு ஆசை வைத்தார். இந்தியாவில் தான் படிப்பித்த நகரங்களை ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ப் பார்க்க வேண்டும். சென்னையில் இறங்கினால் அதன் பிறகு டில்லி வரைக்கும் தரைவழிதான். "பிளேன்ல போறது ஒரு பயணமா? இங்க கண்ண மூடி அங்க தொறக்கிறது. ஒரு ஊர்லரிந்து மத்த ஊருக்கு மண் எப்பிடி நிறம் மாறுதெண்டு பாக்கணும்" என்பார்.

கூடப் போக இருந்தவர் அவருடைய சிநேகிதி. அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், தலவிலைப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண், கல்யாணம் முடிக்காதவர். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் சொல்வோம். மாமியும் அவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் டீச்சர் என்றுதான். பள்ளிக்கூடம் கழித்துவிட்ட ஒரு பழைய துணி வரைபடத்தை மாமியின் சாப்பாட்டு மேசையில் விரித்து, கடற்களப்பில் பொறுக்கிய சிப்பிகளைப் போகிற ஊர்களில் எல்லாம் வைப்பார்கள். ஹைதராபாத்தில் ஒன்று, பீஜப்பூரில் ஒன்று, ஆக்ராவில் ஒன்று, டில்லியில் ஒன்று. டீச்சர் கோவாவில் ஒன்றை வைப்பார். மாமி அதை எடுப்பார். "அது வழியில இல்ல டீச்சர்." "வழிய வளைச்சா வழிதான். பழைய மாதா கோயில்கள் எனக்கு வேணும். கோவா இல்லாட்டி நான் வரல்ல." பால் விடாத பிளேன்டி ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். கடைசியில் கோவாவில் சிப்பி இருக்கும், மாமி அதைப் பார்த்துப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டு பெண்களும் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாமியின் உயிர் பீஜப்பூரில் இருந்தது. அங்கே ஒரு பெரிய கும்மட்டம் இருக்கிறது, அதன் உட்சுற்றில் நின்று மெல்லப் பேசினாலும் குரல் பல தரம் திரும்பி வரும் என்று அவர் படிப்பித்திருந்தார். "ஒருக்காச் சொன்னா ஏழு தரம் கேக்குமாம், மகள். எங்கட வீட்டில ஏழு தரம் சொன்னாலும் ஒருக்காவும் கேக்காது." இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் சப்பாத்து வந்தது. கோட்டைகளில் ஏறக் கால் பழக வேண்டுமென்று, விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு அபாயாவுக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்துத் தெரிய களப்பு ஓரமாக நடப்பார். வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஸ்போர்ட்ஸ் மீட் எப்ப டீச்சர் என்று கேட்டார்கள். கற்பிட்டிக் கழுதைகள் யாருக்கும் லேசில் ஒதுங்காது. அவைகூட மாமிக்கு ஒதுங்கி வழிவிட்டன. எங்கள் குடும்பம் விடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகிறவர், போவதற்கு முன் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். மனதில் ஏதும் இருந்தால் மன்னித்து விடை தாருங்கள் என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் துஆச் செய்து, வாய்க்கு ஏதாவது தந்து அனுப்புவார்கள். மாமி ஹஜ்ஜுக்குப் போனபோது எல்லா வீட்டிலும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த நினைப்பில்தான் இந்தத் தரமும் பயணம் சொல்லப் போக வேண்டும் என்றார். விசா கையில் இருந்தது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. "முதல்ல போவம் டீச்சர். போய்ட்டு வந்து சொல்லுவம்" என்று சிநேகிதி கெஞ்சினார். மாமி கேட்கவில்லை. "பயணம் சொல்லாமப் போனா ஓடிப்போனதெண்டு கதை வரும். என்ட ஆக்கள் மனசார அனுப்புவாங்க." தன் ஆட்கள் மேல் அவருக்கு இருந்த அந்த நம்பிக்கையை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் வீடு எங்கள் வீடு. மாமி புதுச் சேலை உடுத்திருந்தார். விடை கேட்டார். என் வாப்பா முகட்டைப் பார்த்தார், கைவிரல்களைப் பார்த்தார். "எனக்கொண்டுமில்ல ராத்தா. நானாட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க" என்றார். நானா என்றது தங்கள் மூத்த அண்ணனை, என் பெரியவாப்பாவை. பள்ளிவாசல்துறையில் இருந்த சாச்சி வீட்டிலும் அதே கதை, நானாவிடம் கேளுங்கள். மஹ்ரமான ஆண் துணை இல்லாமல் எப்படி என்றது ஒரு வீடு. ஹஜ்ஜென்றால் சந்தோசமாக அனுப்புவோமே, இது கல்லுக் கட்டடம் பார்க்கிற பயணம்தானே என்றது இன்னொரு வீடு. வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை, போ என்று சொல்லவும் மனம் இல்லை. பந்தை உதைத்து உதைத்துப் பெரியவாப்பாவின் முற்றத்துக்கு அனுப்பினார்கள். என் வாப்பாவும் அதில் ஒருவர். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, அது அவருக்கும் தெரியும்.

பெரியவாப்பா எங்கள் குடும்பத்தில் மூத்தவர், வெங்காயத் தோட்டக்காரர். அன்று மாமியோடு நானும் போயிருந்தேன். மாமி விடை கேட்டார். பெரியவாப்பா பிளேன்டியை உறிஞ்சினார். கூலியாள் ஒருவரைக் கூப்பிட்டுத் தண்ணீர் மோட்டரைப் பற்றிப் பேசினார். பேப்பரை விரித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலை கேட்டு வந்த ஆளைப் போல, அறுபது தாண்டிய அந்த மனுசி கதிரை நுனியில் பின்னேரம் அசர் முடிந்ததிலிருந்து பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பெரியவாப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "வெங்காயம் புடுங்கி முடியட்டும் பாப்பம். ஆக்களுக்குச் சோறாக்க நீ இல்லாட்டி யாரு?" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனார். மாமியின் கனவுக்கு எதிராக அவர் வைத்தது மார்க்கம்கூட இல்லை, ஒரு சோற்றுப் பானை.

வெங்காயம் முடிந்தது. பெரியவாப்பாவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு வந்தது. அதற்கும் மாமிதான் வேண்டும். பிறகு நோன்பு வந்தது, விசா காலாவதியானது. மாமி வரைபடத்தைச் சுருட்டி மூலையில் வைத்தார். சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து அலுமாரிக்குள் வைத்தார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. அடுத்த வெங்காயக் காலத்தில், தோட்டத்து அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டார்.

மையித்து வீட்டில் பெரியவாப்பா வந்தவர்களுக்கெல்லாம் ஒரே வசனத்தைச் சொன்னார். "என்ட தங்கச்சி ஒரு நாளும் எங்கட பேச்சத் தட்டினதில்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற கடைசிச் சான்றிதழ் அதுதான் போல. எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

போன வருசம் பெரியவாப்பா ஒரு குழுவோடு டில்லிக்கும் ஆக்ராவுக்கும் அஜ்மீருக்கும் போய் வந்தார். அவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லவில்லை, சொல்லச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. குடும்ப வட்ஸ்அப்பில் தாஜ்மஹாலுக்கு முன்னால் கூலிங் கிளாஸோடு நின்றார். மாஷா அல்லாஹ் என்று எல்லோரும் எழுதினார்கள், என் வாப்பாவும் எழுதினார். திரும்பி வந்து எனக்கொரு பெட்டி ஆக்ரா இனிப்புத் தந்தார். "நம்மட பூசணித் தோசி இனிப்பு மாதிரித்தான் மகள். அங்க என்ன இருக்கு? எல்லாம் கல்லு. உன்ட மாமி பாவம், சும்மா ஆசப்பட்டிச்சி." நான் பெட்டியைத் திறக்காமல் அவருடைய கதிரையிலேயே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அன்று மாலையே டீச்சரின் வீட்டுக்குப் போய், சப்பாத்தோடு நான் எடுத்து வைத்திருந்த அந்தத் துணி வரைபடத்தை விரித்தேன். டீச்சருக்கு முழங்கால் வருத்தம், படி ஏற முடியாது. உள்ளே போய் ஒரு சிரட்டையில் சிப்பிகளைக் கொண்டுவந்தார். முதலாவதைக் கோவாவில்தான் வைத்தார். நான் எடுக்கவில்லை.

எங்கள் திட்டத்தை நாங்கள் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. நேற்றுக் காலை டீச்சர் சந்தியில் பையோடு நிற்க, நான் பஸ் எடுக்க நடந்தேன். வழி பெரியவாப்பாவின் வாசலால்தான் போகிறது. அவர் முன்விறாந்தையில் பிளேன்டியோடு இருந்தார். "எங்க மகள் போற, பையெல்லாம் பெருசா இருக்கு?"

"போய்ட்டு வந்து சொல்றன், பெரியவாப்பா."

அவருடைய பார்வை என் முகத்திலிருந்து பைக்கும், பையிலிருந்து காலுக்கும் இறங்கியது. அபாயாவுக்குக் கீழே தெரிந்த வெள்ளைச் சப்பாத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க நான் நிற்கவில்லை.