ஆயர் தாவாருக்குக் கொண்டுபோன அரிசியில்லாத் தோசை

1983-ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு ஈப்போ பேருந்து நிலையத்தில் லுமுட் பேருந்தில் ஏறினேன். ஆயர் தாவாருக்குச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் மூன்று வெள்ளி. மடியில் நாலடுக்குக் கேரியர். அதைக் கீழே வைக்க எனக்கு மனமில்லை.

ஈப்போவின் புந்தோங் பக்கம் என் சாப்பாட்டுக் கடையை அறியாதவர் குறைவு. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பால்மரம் சீவிய கையால் தள்ளுவண்டியில் தோசை சுட்டு, இன்று இரண்டு கடைக்குச் சொந்தக்காரன். யார் உதவியும் இல்லை. ஆனால் இந்தக் கேரியரில் இருந்த தோசையைப்போல் எந்தத் தோசையும் என்னைப் பாடுபடுத்தியதில்லை.

என் மகள் சரசு, ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவள் மகள் கவிதாவுக்கு ஆறு வயது. அரிசியோ கோதுமையோ உள்ளே போனால் பிள்ளைக்கு வயிறு உப்பிவிடுகிறது. கொஞ்ச காலத்துக்கு எந்தத் தானியமும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோசையும் இடியப்பமும் முறுக்கும் என்றால் உயிரை விடுகிற பிள்ளை, அவித்த கிழங்கைக் கண்டால் அழுகிறதாம், எலும்பும் தோலுமாகிவிட்டதாம். சரசு சொல்லியனுப்பியதும், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதல் நாள் மரவள்ளி மாவு கல்லில் பசையாக ஒட்டிக்கொண்டது. உளுந்தைக் கூட்டினால் தோசை விறைத்தது. கடைசியில் மாவைத் தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்தேன். ஓரம் பூப்போல எழும்பியது. அதே மாவில் இடியப்பம், உளுந்தில் முறுக்கு. எல்லாவற்றையும் ருசி பார்த்தது கடையில் வேலை செய்யும் முனியம்மாதான். நான் நாக்கில் வைக்கவில்லை.

கண்டக்டர் என் கடையில் சாப்பிடுகிறவன். முதலாளி என்பதற்குத் தவுக்கே என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

“என்னா தவுக்கே, கேரியர்ல கோழியா?”

“தோசை லா. அரிசி இல்லாத தோசை. உபி காயு மாவுல சுட்டது.”

“மரவள்ளியா! அது கடைக்குள்ள வந்தா கடையவே கழுவி விடுவேன்னு சொன்ன ஆளாச்சே!”

“இது பேத்திக்குடா. நான் தொட மாட்டேன். சத்தியம் சத்தியம்தான்.”

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் அரிசி இல்லை. மூன்று வேளையும் மரவள்ளி. என் தங்கை கால் வீங்கிச் செத்தது அப்போதுதான். இனி அந்தக் கிழங்கை வாயில் வைப்பதில்லை என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வேன்.

மெங்லெம்பு, பூசிங், துரோனோ. வழிநெடுக ஈயம் தோண்டிய குட்டைகள், பச்சைத் தண்ணீர். போத்தாவில் பேராக் ஆறு, தேத்தண்ணி நிறத்தில் அகலமாகக் கிடந்தது. பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. ஒன்பதே காலுக்கு ஆயர் தாவார். மருமகன் மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

மதியம் பன்னிரண்டரை. கவிதா என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். கை மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது.

“தாத்தா, நீங்களே சுட்டதா?”

“பின்னே! ஈப்போவுல வேற எவனுக்கு வரும்?”

ஓரத்தைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தாள். “அம்மா, கடைத் தோசை மாதிரியே இருக்கு!” அடுப்படியில் சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. பாதித் தோசை இறங்கியிருக்கும். அப்போது சரசு என் தட்டிலும் ஒரு தோசை வைக்க வந்தாள். நான் கையால் மறித்தேன்.

“எனக்குச் சோறு போடும்மா.”

கவிதா நிமிர்ந்து பார்த்தாள். “தாத்தாவும் என்கூட இதான் சாப்புடுவாருன்னு அம்மா சொன்னாங்களே?”

“தாத்தாவுக்கு இது ஆவாதுடா கண்ணு.”

“அப்ப இது சீக்குக்காரங்க சாப்பாடுதானே?” தட்டைத் தள்ளிவிட்டாள்.

“அப்பா,” என்று சரசு மெல்லச் சொன்னாள், “ஒரே ஒரு வாய் லா. புள்ள எதுக்க.”

நான் என்ன செய்தேன்? பிள்ளைக்குப் புரிய வைக்கிறேன் என்று ஜப்பான்காரன் கதையையும் சத்தியத்தையும் கடையில் சொல்வதுபோலவே விரிவாகச் சொன்னேன். வாய் பிளந்து கேட்டாள்.

“அப்ப நானும் சத்தியம் பண்றேன் தாத்தா. நானும் இத வாயில வைக்க மாட்டேன்.”

மருமகன் மிரட்டிப் பார்த்தார். சரசு கெஞ்சினாள். முறுக்கைக்கூடத் தொடவில்லை. வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்குப் பேருந்து. சரசு மிச்சத் தோசையை வாழையிலையில் கட்டி என் கையில் வைத்தாள். “இங்க இருந்தா வீணாப் போகும்ப்பா.”

திரும்பும்போதும் அதே கண்டக்டர். போத்தா பாலம் வருமுன் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆறிப்போயிருந்தது. ஒரு துண்டு வாயில் போட்டேன். தேங்காய்ப்பால் இனிப்பு, உளுந்து மணம். நான் பயந்த ருசி அதில் எங்கேயும் இல்லை.

“ஐயோ தவுக்கே! சத்தியம்?”

“போச்சுடா.”

“நல்லாருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு.” பாதியை அவனிடம் நீட்டினேன். நின்றபடியே தின்றுவிட்டு, கடையில் எப்போது போடுவீர்கள் என்று கேட்டான்.

பாலத்தில் எதிரே ஒரு லுமுட் பேருந்து எங்களைக் கடந்து, நான் விட்டு வந்த பக்கமாகப் போனது. இறங்கிக் கை காட்டி அதில் ஏறியிருந்தால் இருட்டுமுன் கவிதா எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் தின்று காட்டியிருக்கலாம். அந்த யோசனை வந்தபோது துரோனோ தாண்டிவிட்டது. கடைசித் துண்டையும் தின்று முடித்திருந்தேன்.