புவனேஸ்வரி தேடி எடுத்த உப்பு

செவிலிமேட்டிலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட் புவனேஸ்வரியுடையது. பதினோரு வருஷமாக அதே சீட். ஒரகடம் போகும் வழியில் இருக்கும் ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் தகவல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். "மருந்து கம்பெனியா? அப்போ முட்டி வலிக்கு நல்லதா ஒரு மாத்திரை சொல்லுமா" என்று தெருவில் கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. அவர் மருந்து செய்கிறவர் அல்ல, விற்கிறவரும் அல்ல. எந்த மூலக்கூறை யார் எப்போது செய்தார்கள், அது உடம்புக்குள் போய் என்ன செய்தது, யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் சேர்த்து வைத்து, விஞ்ஞானிகள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறவர்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். உள்ளூர்க் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்தார். முதல் வேலை சென்னையில். வெளிநாட்டுக் காப்புரிமை ஆவணங்களைப் படித்து, அவற்றிலுள்ள சேர்மங்களின் படங்களைக் கணினியில் வரைந்து ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது படம். கூடச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் வேறு வேலை தேடி ஓடிவிட்டார்கள். புவனேஸ்வரிக்கோ அது பிடித்துப்போயிற்று. ஓர் அறுகோணம், அதன் ஓரத்தில் ஒரு நைட்ரஜன், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் ஐங்கோணம். ஒரு தடவை வரைந்த உருவத்தை மனிதர்களின் முகம்போல ஞாபகம் வைத்துக்கொள்வார்.

இந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகு 'பேர் ஃபைல்' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஒரு சேர்மத்துக்கு வேதியியல் பெயர் ஒன்று, கடைப்பெயர் நாலு, கம்பெனிகள் வைத்த ரகசிய எண்கள், பழைய ஜெர்மன் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஒரே சாயத்துக்கு ஐந்து டப்பாவில் ஐந்து பெயர் ஒட்டியிருக்கும் ஊரில் வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. எழுத்துப் பிழையோடு அச்சான பெயர்களைக்கூட விடமாட்டார். "இதெல்லாம் எதுக்குக்கா?" என்று யாராவது சிரித்தால், "தப்பா எழுதினவங்களும் வேலை செஞ்சிருப்பாங்க இல்லப்பா. அவங்களை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்பார்.

போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்கூடத்திலிருந்து தீபிகா நேராக அவர் மேஜைக்கு வந்தாள். முசரவாக்கத்து விவசாயக் குடும்பம், முப்பத்திரண்டு வயதிலேயே ஒரு குழுவுக்குத் தலைவி. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைக் கொல்கிற டி-19 என்ற சேர்மத்தோடு மூன்று வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெரியம்மாவுக்கு அந்த நோய் இருந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, புவனேஸ்வரியைத் தவிர.

"வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கா. டி-19ஐ மூடப் போறாங்க."

"ஏன்? புழு சாவுது இல்ல?"

"சாவுது. ஆனா மாத்திரையா அழுத்தி வெச்சா மூணு வாரத்துல மஞ்சளாகிக் கெட்டுப்போவுது. அமிலம் சேர்த்து உப்பா மாத்திப் பார்த்தோம். ஆறு விதம் பண்ணியாச்சு. அஞ்சு, ஈரத்தை இழுத்துக்கினு கூழாவுது. ஒண்ணு பிசினா வருது, படிகமே ஆகமாட்டேங்குது. சபாபதி சார் கடைசியா ஒரு தடவை தேடச் சொன்னாரு. உலகத்துல வேற யாராவது இதைப் பண்ணியிருக்காங்களான்னு."

"முன்னாடியே தேடினாங்களே?"

"வெளியில ஒரு ஏஜென்ஸிகிட்ட குடுத்தோம். ஜீரோன்னு ரிப்போர்ட் வந்துது."

புவனேஸ்வரி அந்த அறிக்கையைத் திறந்தார். தேடுவதற்கு அவர்கள் வரைந்திருந்த படத்தைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டி-19இல் ஒரு ஹைட்ரஜன் அணு இருக்கிறது, ஓரிடத்தில் நிற்காத அணு. சில நேரம் ஆக்சிஜன் மேல் இருக்கும், சில நேரம் பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவிவிடும். குடுவைக்குள் இரண்டும் ஒரே பொருள்தான். காகிதத்தில் வரையும்போது மட்டும் இரண்டு படம். புதிய தரவுத்தளங்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய மாநாட்டு மலர்களை ஆள் வைத்துக் கையால் ஏற்றிய தொகுப்புகள் சில உண்டு. அவற்றில் எந்தப் படத்தை வரைந்து கேட்கிறோமோ அதுதான் கிடைக்கும். ஏஜென்ஸி ஆக்சிஜன் படத்தை மட்டும் கொடுத்துக் கேட்டிருந்தது.

"தீபிகா, உக்காரு" என்றார் புவனேஸ்வரி. ஹைட்ரஜனை நைட்ரஜன் மேல் மாற்றி வரைந்தார். தேடச் சொன்னார். ஒன்றுமில்லை. மருந்து என்ற பிரிவிலிருந்த குறியை எடுத்துவிட்டு, எல்லாத் துறையிலும் தேடச் சொன்னார்.

திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. சாய வேதியியல் மாநாடு. அரைப்பக்கச் சுருக்கம். தீபிகா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். இருவரும் ஒரே மூச்சில் படித்தார்கள். பட்டுக்கு ஏற்ற மஞ்சள் சாயம் தேடி ஐம்பத்தெட்டுச் சேர்மங்கள் செய்யப்பட்டன. அவற்றில் நாற்பத்தொன்றாவது சேர்மம், படத்தோடு, அச்சு அசலாக டி-19! கடைசி வாக்கியத்தைப் புவனேஸ்வரி வாய்விட்டு வாசித்தார்: "இதன் டார்டாரிக் அமில உப்பு பத்து மாதம் திறந்த குடுவையில் இருந்தும் நிறம் கொள்ளவில்லை. ஆகவே சாயத்துக்கு உதவாது. முழு விவரம் ஆய்வேட்டில்."

"நிறம் கொள்ளலையா!" என்று தீபிகா கத்தியதில் அடுத்த தடுப்பிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. "பத்து மாசம் வெள்ளையாவே இருந்திருக்குதுக்கா! அவங்களுக்கு அது ஃபெயிலு. நமக்கு அதுதானே வேணும்! டார்டாரிக்தான் எங்களுக்குப் பிசினாப் போனது. இவங்க எப்படிப் படிகமாக்கினாங்க?"

"அது ஆய்வேட்டுல இருக்கும். யாரு எழுதினதுன்னு பாரு."

கே. கமலாட்சி. கீழே கல்லூரியின் பெயர். ஊர், காஞ்சிபுரம்.

டோக்கியோ, பாஸல் என்று வெளிநாட்டு ஊர்களிலேயே தேடிப் பழகிய புவனேஸ்வரியின் கண்ணுக்கு அந்த ஊர்ப்பெயர் திரையில் நம்ப முடியாததாக இருந்தது. கணவருக்குப் போன் போட்டார். கதிர்வேல் தறியில் இருந்தார். நாடா ஓடும் சத்தம் நின்றது.

"இன்னா புவனா, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லங்க. நாளைக்கு நான் ஆபீஸ் பஸ்ல போகல. நம்ம ஊர்லயே வேலை. யாரோ நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ல உக்காந்துக்கினு பண்ணியிருக்காங்க!"

"இன்னாத்த பண்ணாங்க?"

"வந்து சொல்றேன்."

புதன்கிழமை காலை கல்லூரி திறக்கும்போதே புவனேஸ்வரி நூலக வாசலில் நின்றார். நூலகர் ராமராஜன் பதிவேட்டைப் புரட்டினார். எண் இருந்தது. அலமாரியில் ஏடு இல்லை. அந்த வரிசை ஒரு மழையில் நனைந்து போய்ப் பல வருஷம் ஆகிறதாம்.

"ஒரு காப்பிகூட இல்லையா சார்?"

"இல்லம்மா. யாரும் கேட்டதும் இல்ல." புவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "ஆனா மேடமையே கேக்கலாமே? இங்கதான் புரொபசரா இருந்து ரிட்டயர் ஆனாங்க. வாலாஜாபாத்ல இருக்காங்க. மெயின் ரோடு ஓரம், ரைஸ் மில்லை ஒட்டின வீடு."

பதினோரு வருஷமாகப் பஸ் அந்த ரைஸ் மில்லைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை தீபிகாவையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி, கையில் பாதி உரித்த பூண்டு. நாற்பத்தொன்றாவது சேர்மத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்றதும் கமலாட்சியின் முகம் வெளிறியது.

"நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனாம்மா?"

"ஐயோ இல்ல மேடம்!" தீபிகா அவர் கையைப் பூண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எழுதினது சரியான்னு பார்க்க வரல. அது எங்களுக்கு வேணும். யானைக்கால் புழுவை அது கொல்லுது மேடம்."

கமலாட்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "கலரே வராத சாயம்மா அது. என் கைடு அதைப் பார்த்துட்டு, பேஜை வேஸ்ட் பண்ணாதேன்னாரு. நான்தான் புடிவாதமா எழுதி வெச்சேன். செஞ்சது செஞ்சாச்சு, எழுதாம விட்டா பொய் சொன்ன மாதிரின்னு."

"ஏடு இருக்குதா மேடம்?" என்று கேட்டார் புவனேஸ்வரி.

"இருக்குதே."

பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கார்பன் பிரதி வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அளவுகள், உருகுநிலை, எல்லாம் வரிசையாக இருந்தன. தீபிகா விரலை வரிமேல் ஓட்டினாள். "ஆல்கஹால் இல்ல, தண்ணியிலயே கரைச்சிருக்காங்க... ரெண்டு நாள் ஈர மணல்ல... அக்கா, ரெண்டு நாள்! நாங்க ரெண்டு மணி நேரத்துல பிசின்னு சொல்லித் தூக்கிப் போட்டோம்!"

"நானும் தூக்கித்தான் போட்டிருப்பேன்" என்றார் கமலாட்சி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினோரு தரம் பிசினாத்தான் வந்துது. பன்னெண்டாவது தரம், மறுநாள் கருட சேவை. லீவு விட்டுட்டாங்க. பீக்கரை மணல்லயே மறந்துட்டு வீட்டுக்குப் போய்ட்டேன். திரும்பி வந்து பார்த்தா, ஊசி ஊசியா, அவ்வளவு அழகா நிக்குது! கருட சேவைன்னு ஆய்வேட்டுல எழுத முடியுமா? ரெண்டு நாள்னு எழுதிட்டேன்."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆராய்ச்சித் தலைவர் சபாபதி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஒண்ணு புரியுதா உங்களுக்கு? எண்பத்து நாலுலயே அச்சாயிருக்கு. அப்போ இந்த மூலக்கூறு நாம கண்டுபிடிச்சதுன்னு இனிமே சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம் சார்" என்றாள் தீபிகா. "புழுவைக் கொல்லும்ங்கறது நாம கண்டுபிடிச்சது. அது போதும்."

சபாபதி புவனேஸ்வரியைப் பார்த்தார். "இதை வெளியில யாரும் கண்டுபிடிக்கலையே, நீங்க எப்படிம்மா?"

"அவங்க ஒரு படம் போட்டுத் தேடினாங்க சார். நான் ரெண்டு போட்டேன். அப்புறம் மருந்துன்னு மட்டும் தேடல."

மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. தண்ணீரில் கரைத்து, ஈர மணல் தட்டில் வைத்து, ஒருவரும் தொடக்கூடாது என்று சீட்டு ஒட்டினார்கள். முதல் நாள் பிசின். இரண்டாம் நாள் மாலையும் பிசின். மூன்றாம் நாள் காலை புவனேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, தீபிகா வெள்ளைக் கோட்டோடு வாசலுக்கே ஓடிவந்தாள். கையிலிருந்த செல்போனில் படம்: பீக்கரின் அடியில், பனி விழுந்த மாதிரி ஊசிகள்.

"அக்கா, படிகம்!"

இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பதைப் பார்த்து, யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று செக்யூரிட்டி நினைத்தாராம்.

மாத்திரையாக அழுத்தி, சூடும் ஈரமும் உள்ள பெட்டியில் வைத்தார்கள். மூன்றாம் வாரம் வெள்ளை. ஆறாம் வாரமும் வெள்ளை. கமலாட்சி ஆய்வுக்கூடத்துக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மாத்திரையை வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப சின்னதா இருக்குதே" என்றார். திரும்பும்போது காரில் புவனேஸ்வரியின் தோளில் ஒரு கை வைத்தபடியே வந்தார்.

இப்போது டி-19 விலங்குச் சோதனைக்குப் போயிருக்கிறது. மனிதர்களிடம் வந்து சேர இன்னும் பல வருஷம் ஆகலாம். நடுவில் நின்றுபோகவும் கூடும். அது புவனேஸ்வரிக்குத் தெரியும். ஆனால் கமலாட்சியின் ஐம்பத்தெட்டுச் சேர்மங்களும் இன்று தரவுத்தளத்தில் இருக்கின்றன. எந்தப் படம் வரைந்து கேட்டாலும் வரும்.

அதோடு அவர் நிற்கவில்லை. மாவட்டத்துக் கல்லூரிகளில் இப்படி எத்தனை ஏடுகள் தூங்குகின்றன என்று சபாபதியிடம் கேட்டுக் கேட்டு, ஒரு ஸ்கேனரும் சனிக்கிழமைகளுக்கு ஒரு வண்டியும் வாங்கிவிட்டார். இதுவரை இருபத்தாறு ஏடுகள் ஏற்றியாயிற்று. போன வாரம் இருபத்தேழாவதைத் திறந்தவர், நாற்பதாம் பக்கத்தில் ஒரு மூலக்கூறு வளையத்தைப் பார்த்துவிட்டு, நூலகம் என்பதையும் மறந்து, "இதை நான் பார்த்ததே இல்லையே!" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.